ஏழாம் நம்பர் கூடு

கோர் டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அன்று காலை மட்டும் அதை எங்கோ கழற்றி வைத்துவிட்டு வாயெல்லாம் பல்லாக நின்றாள். காரணம், ஷெட்டுக்குள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த தீயணைப்பு அதிகாரி. மடியில் ஃபைல், ஃபைல் மேல் பேனா. அந்தப் பேனா ஒரு கையெழுத்துப் போட்டால் அவளுடைய வகுப்பு நடக்கும். போடாவிட்டால் ஷெட்டுக்குப் பூட்டு.

"சார், டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா. நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் பாக்கத்தான் வந்திருக்கேன்." சுற்றிலும் ஒரு பார்வை விட்டார். "ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். ஒரு சத்தம் கேட்டாலும் கையெழுத்து கிடையாது. அப்புறம் சார் சார்னு ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கக் கூடாது."

அவர் அப்படிச் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் இதே உலையில், பித்தளைப் பொம்மை வார்க்க வைத்த ஒரு மண்கூடு வெடித்தது. சரியாகக் காயாத மண். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி, வழி கிடைக்காமல் கூட்டைப் பிளந்துகொண்டு வந்தது. தகரக் கூரையில் ஓட்டை, எதிர்க்கடைக் கண்ணாடியில் விரிசல், டீச்சரின் இடது புருவத்தில் தழும்பு. புருவத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கண்ணாடிக்காகப் புகார் போனது. அன்றே உலை மூட்டக் கூடாது என்று கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். வகுப்பில் மண் வேலை மட்டும் நடந்தது. மூன்று மாதம் அலையாய் அலைந்து, அதிகாரி முன்னால் ஒரு முறை உலை மூட்டிக் காட்ட அனுமதி வாங்கியிருந்தாள். அந்த ஒரு முறைதான் இது.

அவளுக்குக் கோர் டீச்சர் என்று பெயர் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். குழாய் செய்கிற ஃபவுண்டரியில் பதினாறு வருஷம் கோர் போட்டவள் அவள். தண்ணீர்க் குழாய்க்குள் தண்ணீர் ஓட ஓட்டை வேண்டுமே, அந்த ஓட்டையின் அளவுக்கு முதலில் மணலில் ஓர் உருவம் செய்வார்கள். அதைச் சுற்றிப் பித்தளையை ஊற்றி, ஆறியதும் மணலைத் தட்டிக் கொட்டிவிடுவார்கள். அந்த மணல் உருவத்துக்குத்தான் கோர் என்று பெயர். ஒரு நாளைக்கு நானூறு கோர். "நீ என்ன வேலை பாக்கறே?" என்று கேட்டால், "ஓட்டை செய்யறேன்" என்பாள். பிறகு மெஷின் வந்தது. அது நாளைக்கு நாலாயிரம் போட்டது, டீ கேட்கவில்லை, லீவும் கேட்கவில்லை. பெண்கள் இருபத்திரண்டு பேரையும் ஒரே வெள்ளிக்கிழமையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளை, பதினாலு நாள் இலவசப் பயிற்சி என்று பக்கத்து வீட்டுக்காரி இழுத்துக்கொண்டு போனாள். மத்திய இந்தியக் காட்டுப் பக்கத்து ஜனங்கள் மெழுகை நூலாகத் திரித்துப் பித்தளைப் பொம்மை வார்க்கிற நாட்டுப்புறக் கலை. களிமண்ணில் ஒரு சின்ன உருவம், அதன் மேல் மெழுகு நூல் சுற்றிக் கண், மூக்கு, நகைநட்டு எல்லாம். அதன் மேல் மறுபடி மண்பூச்சு, அதுதான் கூடு. உலையில் வைத்தால் மெழுகு எரிந்து போய்விடும், அது இருந்த இடத்துக்குப் பித்தளை வந்து சேரும். வேடிக்கை பார்க்கத்தான் போனாள். மூன்றாம் நாள் நடுவில் வரும் மண் உருவத்தைப் பிடித்தபோது கைக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. "அட, இதுவும் கோர்தானே!" என்று கத்தினாள். அங்கே கொட்டிவிடுகிற மண் இங்கே உள்ளேயே தங்கிவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டுக்கு வந்ததும் வளையலைக் கழற்றி அடகு வைத்து ஷெட்டை வாடகைக்குப் பிடித்தாள்.

அவளுடைய வகுப்பில் பாடம் என்று ஒன்றும் கிடையாது, கரும்பலகை கிடையாது. மண்ணைக் கையில் கொடுப்பாள், பிசைய வைப்பாள். அவளுக்கு ஒரு பிடிவாதமும் உண்டு. எவ்வளவு கோணலாக வந்தாலும் மாணவர் செய்ததை அவள் தொட மாட்டாள். "என் கை பட்டா அது என் பொம்மை ஆயிடும். கோணலா இருந்தா உங்க கோணல். இருந்துட்டுப் போகட்டும்" என்பாள். முதல் நாள் வகுப்பில் கொஞ்சம் அலங்காரமாக இன்னொன்றும் சொன்னாள். "நடுவுல இருக்கிற மண்ணு கடைசி வரைக்கும் உள்ளதான் இருக்கும். யாரும் எடுக்கப் போறதில்ல, யாரும் பாக்கப் போறதில்ல. அது உங்களுக்கும் பொம்மைக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம்." எல்லோரும் தலையாட்டினார்கள். சொன்னவளுக்கும் தன் பேச்சு பிடித்திருந்தது. இந்த வாய் ஒரு நாள் தன்னையே கொண்டுபோய் மாட்டிவிடும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வகுப்பில் பன்னிரண்டு பேர். பேக்கரிக்காரர், ஓய்வுபெற்ற நர்சம்மா, தையல்கடை அக்கா தங்கைகள் இப்படி. பன்னிரண்டாவது ஆள் அவளுடைய மாமனார். முப்பத்து நாலு வருஷம் ஒரு பெரிய அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டியவர். "ஏறினேன், எறங்கினேன், எங்கயும் போய்ச் சேரல" என்று தன் வேலையைப் பற்றிச் சொல்வார். மாமியார் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து மனுஷர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அழவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து சீலிங் ஃபேனை எண்ணிக்கொண்டிருந்தார். லாரி ஓட்டும் கணவன் வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டில் இருப்பான். "அப்பாவ எங்கயாவது கூட்டிட்டுப் போயேன்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடுவான். எங்கே கூட்டிப்போக? ஷெட்டுக்குத்தான் கூட்டி வந்தாள்.

மாமா ஒரு பொம்பளை உருவம் பிடித்தார். காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி. யார் என்று நர்சம்மா கேட்டதற்கு, "சும்மா, ஒரு பொம்பள" என்றார். அவருடைய கோர் மட்டும் காயக் காய வெடிப்பு விட்டது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் வெடிப்பில் மண் குழைத்துப் பூசி, நிழலில் வைத்து, மறுபடி காத்திருந்தார். மாமாவுக்கு இவ்வளவு பொறுமையா என்று டீச்சர் அசந்துபோனாள். ஏன் அந்த ஒன்று மட்டும் வெடிக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தொடுவதில்லை என்ற சட்டம் வேறு இருந்ததே.

இப்போது பன்னிரண்டு கூடுகளும் தயார். பார்க்க ஒவ்வொன்றும் மண் அப்பிய தேங்காய் மாதிரி. தேங்காயின் தலையில் ஒரு மண் குப்பி, அதற்குள் வீட்டிலிருந்து ஆளாளுக்குக் கொண்டுவந்த உடைந்த பித்தளைக் குழாயும் பூட்டும் துண்டு துண்டாக. குப்பியைக் கூட்டோடு சேர்த்து மண்ணால் மூடி, வெளியே நம்பர் கீறியாகிவிட்டது. குப்பி அடியில் இருக்கும்படி உலையில் அடுக்க வேண்டும். பித்தளை உருகியதும் பச்சைச் சுடர் வரும். அப்போது கூட்டைக் குறட்டால் தூக்கித் தலைகீழாகப் புரட்டினால் பித்தளை உள்ளே இறங்கும். நாற்பது நாள் வெயிலில் காய வைத்திருந்தாள். ஒவ்வொன்றையும் எடைபோட்டு, மறுநாள் எடைபோட்டு, எடை குறைவது நின்ற பிறகுதான் காய்ந்தது என்று ஒப்புக்கொண்டாள். ஈரத்தால் இன்னொரு தடவை வெடிக்க வாய்ப்பே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஆறு கூடுகளை அடியில் அடுக்கினாள். மாமாவுடைய ஏழாம் நம்பர் கனமானது, அதனால் அதுவும் அந்த ஆறில் ஒன்றாகப் பின் மூலைக்குப் போனது. மேலே ஆறு. சுற்றிலும் கரி. நெருப்பு வைத்து, ஊதுகாற்று மெஷினைப் பாதி வேகத்தில் திருப்பினாள்.

"மொத அரை மணி மெதுவாத்தான் போகும் சார். சூடு ஏறணும்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து எதையோ எழுதினார். மாணவர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மூஞ்சி ஒவ்வொன்றும். பேக்கரிக்காரர் மட்டும், "என் அடுப்புல இந்நேரம் ரெண்டு தட்டு பன்னு வெந்திருக்கும்" என்று முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

பத்து நிமிஷம் போனது. கரி ஓரத்தில் சிவந்தது. நடுவில் பிடித்துவிட்டதா என்று தெரியவில்லை. டீச்சர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உலை வாயில் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அனல் முகத்தில் அடித்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு இன்னும் கிட்டே போனாள்.

"அம்மா!"

திரும்பினாள். மாமா. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன மாமா? தலை சுத்துதா? வெளிய போய் உக்காருங்க."

"கொஞ்சம் தள்ளி வாம்மா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்பவா?"

"இப்பவேதான்."

நாலடி தள்ளிப் போனாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம் சொல்லுங்க" என்றாள்.

"என் பொம்மைக்குள்ள ஒண்ணு வெச்சிருக்கேன்."

"என்ன வெச்சீங்க?"

"உங்க அத்தையோட செண்ட் பாட்டில்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உலையைத் திரும்பிப் பார்த்தாள். கட்டைவிரல் உயரக் கண்ணாடிப் பாட்டில், மருக்கொழுந்து செண்ட். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி கழுவிய மனுஷி மாமியார். சாயந்திரம் வந்து குளித்துவிட்டு, பினாயில் வாடை போகக் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துக்கொள்வாள்.

"காலி பாட்டில்தானே?"

"பாதி இருந்துச்சும்மா. தொறந்தா தீந்துடும். தொறக்காம வெச்சாலும் கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுட்டே வந்துச்சு. மூடியில அரக்கு வெச்சு அடைச்சு, உள்ள வெச்சு மண்ணப் பூசிட்டேன். நீதானே சொன்னே, உள்ள இருக்கிறத யாரும் எடுக்கப் போறதில்லன்னு."

சே! மூன்று தடவை வெடிப்பு விட்டதே. காயும்போது மண் சுருங்கும், கண்ணாடி சுருங்குமா? பதினாறு வருஷம் கோர் போட்டவளுக்கு இது தெரியாமல் போயிற்றே. தன் தலையில் தானே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அடைத்த பாட்டில், பாதி செண்ட், சுற்றிலும் கரி நெருப்பு. ஈரமாவது மண்ணோடு ஊறிக் கிடக்கும். இது மூடி போட்ட குண்டு. எந்த நிமிஷமும் போகலாம்.

அப்போது அவள் மனதில் ஓடியதை மறைக்க வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல், ஏதோ அடுக்கை மாற்றுகிற மாதிரி நடித்து, ஏழாம் நம்பரை மட்டும் எடுத்துவிட்டால் என்ன? "இப்படி மாத்தி அடுக்கறது வழக்கம்தான் சார்" என்று ஒரு வார்த்தை விட்டால் அந்த மனுஷருக்கு என்ன தெரியப்போகிறது? கையெழுத்து கிடைத்துவிடும். ஆனால் எடுக்கிற நேரத்தில் வெடித்தால், எதிரே வரிசையாக நிற்கிற பதினொரு பேர் முகத்திலும் போய் விழும். நர்சம்மா கண்ணாடி போட்டிருந்தாள். தையல்கடைத் தங்கை உலைக்குக் கிட்டே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், உண்டாகி ஐந்து மாதம்.

போய் மெஷினை அணைத்தாள்.

"எல்லாரும் வெளிய போங்க! ஓடாதீங்க, நடங்க! எதிர்ப் பக்கம் போய் நில்லுங்க!"

"என்னாச்சு டீச்சர்?"

"கேள்வி கேக்காத, போ!"

அதிகாரி எழுந்து நின்றார். "என்னம்மா நடக்குது?"

"உள்ள ஒரு கூட்டுல அடைச்ச கண்ணாடிப் பாட்டில் இருக்கு சார். இப்பதான் தெரிஞ்சுது. வெடிக்கும். எடுத்தாகணும்."

அவர் ஃபைலை மூடினார். அந்த மூடுகிற சத்தம் அவள் காதில் அறைந்த மாதிரி கேட்டது. ஆனால் மனுஷர் ஓடவில்லை. ஃபைலை நாற்காலியில் போட்டுவிட்டு, கதவோரம் இருந்த மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நீங்களும் போங்க மாமா."

"நான் போக மாட்டேன். நான்தானே வெச்சேன்."

சண்டை போட நேரமில்லை. மாமா உலையின் தகர மூடியை இரண்டு கையாலும் எடுத்து, அவள் முகத்துக்கும் நெருப்புக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். தகரம் கடகடவென்று ஆடியது. "நேரா புடிங்க" என்று அதட்டினாள். நேராகப் பிடித்தார்.

மேல் வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். குறட்டால் ஒன்றை எடுத்து மணலில் வைத்தாள். இரண்டாவது. மூன்றாவது நழுவிக் கரியில் விழுந்து தீப்பொறி கிளம்பியது. அதை விட்டுவிட்டு நாலாவதை எடுத்தாள். பின் மூலைக்கு இப்போது வழி கிடைத்தது. குறட்டின் நுனி ஏழாம் நம்பரைத் தொட்டது. இறுக்கிப் பிடித்தால் உடையும், லேசாகப் பிடித்தால் விழும். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கக் கையில்லை.

"மெதுவா," என்றார் அதிகாரி, யாரிடமோ ரகசியம் பேசுகிற குரலில்.

தூக்கினாள். கொல்லைக் கதவு வரை பதினாறு அடி. அந்தப் பதினாறு அடியும் அவளுக்குப் பதினாறு வருஷமாகத் தெரிந்தது. மாமா தகரத்தைப் பிடித்தபடியே பின்னால் நகர்ந்து பக்கத்திலேயே வந்தார், லிஃப்டில் ஆள் ஏற்றிப் போகிறவர் மாதிரி நிதானமாக. வெளியே கொல்லைப்புற மண்ணில் ஒரு குழி இருந்தது. அதில் இறக்கினாள். அதிகாரி வாளி மணலை அப்படியே கவிழ்த்தார். இன்னொரு வாளி. மூன்று பேரும் சுவருக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நிமிஷம் போனது. தெருப் பக்கமிருந்து ஷெட் ஓரமாகப் பேக்கரிக்காரர் கழுத்தை நீட்டி, "அவ்ளோதானா?" என்று கேட்டார். வெடிக்காமலே போய்விடுமோ என்று அவளுக்கு ஒரு நப்பாசை வந்தது. சத்தம் இல்லையென்றால் இன்னும் வழி இருக்கிறது. சத்தம் வரக் கூடாது, வரக் கூடாது என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

டப்பென்று ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, ஆனால் தெருவுக்கே கேட்டது. மணல் முழங்கால் உயரம் எழும்பி விழுந்தது.

அப்புறம் அந்த வாசனை வந்தது. கரிப்புகையோடு, சுட்ட மண்ணோடு கலந்து, முதலில் லேசாக, பிறகு கொல்லை முழுக்க. மருக்கொழுந்து. மாமியார் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு சமையலறைக்குள் வந்து நிற்கிற மாதிரியே இருந்தது. மாமா தகரத்தைக் கீழே போட்டுவிட்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன வாசனை இது?" என்று அதிகாரி கேட்டார்.

"என் சம்சாரம் சார்," என்றார் மாமா. எட்டு மாதத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

அதிகாரி உள்ளே போய் ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார்.

"சத்தம் வந்துச்சே அம்மா."

"வந்துச்சு சார். எழுதிக்குங்க."

"நீங்களே நிறுத்தினதையும் எழுதறேன். ஆனா இன்னிக்குக் கையெழுத்துப் போட முடியாது. உள்ள என்ன போவுதுன்னே தெரியாம உலை மூட்டியிருக்கீங்க. நாலு மாசம் கழிச்சு மறுபடி மனு போடுங்க. அதுவரைக்கும் ஷெட் பூட்டியிருக்கணும்."

"சரி சார்."

அவர் போய்விட்டார். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் ஷெட் வாசலில் வந்து கூடினார்கள். விஷயத்தைச் சொன்னாள். யார் பாட்டில் என்று மட்டும் சொல்லவில்லை. மாமா உட்கார்ந்திருந்த விதத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "நாலு மாசத்துல என் யானை குட்டியே போட்டுடும்" என்றார் யானைப் பொம்மை பிடித்திருந்த பேக்கரிக்காரர். நர்சம்மா அவர் தோளில் ஒன்று வைத்தாள். மிச்சக் கூடுகளை ஒன்றொன்றாக எடுத்து ஆற வைத்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள். சிலர் திரும்பி வருவார்கள், சிலர் வர மாட்டார்கள். அவளுக்கு அது தெரியும்.

கதவைப் பூட்டுவதற்கு முன் கொல்லைக்கு வந்தாள். மாமா இருந்த இடத்திலேயே இருந்தார்.

"உன் பொழப்பக் கெடுத்துட்டேன்மா."

"ஆமா மாமா. கெடுத்துட்டீங்க." அவளுக்கு மறைக்கத் தெரியாது, மறைக்கவும் இல்லை. "மூணு மாசம் நாய் மாதிரி அலைஞ்சேன். இன்னும் நாலு மாசம் அலையணும். வாடகை யாரு குடுப்பா? நெஞ்சு எரியுது மாமா எனக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவே."

"சொல்லித்தான் இருப்பேன்!"

அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. "சரி, வெச்சதுதான் வெச்சீங்க, அப்படியே வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே? வெடிச்சிருந்தா ஈரம்னுதான் நெனச்சிருப்பேன். உங்க மேல சந்தேகமே வந்திருக்காது. வெடிக்காம இருந்திருந்தா கையெழுத்தும் கெடச்சிருக்கும், உங்க பாட்டிலும் உள்ளயே இருந்திருக்கும். எதுக்குச் சொன்னீங்க?"

மாமா அவள் புருவத்துத் தழும்பைப் பார்த்தார்.

"நீ குனிஞ்சு உள்ள எட்டிப் பாத்தியேம்மா."

மணல் குவியலைத் தாண்டி, காற்று வீசிப் போகிற பக்கமாக அவள் போய்த் தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டினாள்.

"காத்து இந்தப் பக்கம்தான் அடிக்குது மாமா. வாசனை போறதுக்குள்ள வந்து உக்காருங்க."